குட்டைக் கரையிலே ஒரு புத்தகம்



போன மாதம் ஒரு தோட்டத்தில் கிளைக் கூட்டம். போனஸ் பேச்சு, லயத்துக் கூரை ஒழுகுகிற விவகாரம், கோயில் திருவிழாவுக்கு லீவு கேட்கும் மனு என்று வழக்கமான சங்கதிகளெல்லாம் முடிந்து, தேத்தண்ணி குடித்து, ஆட்கள் மோட்டாரில் ஏறிப் புறப்பட்டுக் கொண்டிருந்த நேரம். ஒரு பையன் மட்டும் கொட்டகைத் தூணைப் பிடித்தபடி நின்று கொண்டிருந்தான். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். செம்பனை ஆலையில் வேலை. கழிவுத் தண்ணீர்க் குட்டைப் பக்கம் அவனை மாற்றி எட்டு மாதமாகிறது.

"அண்ணே, ஒரு விஷயம். தப்பா நெனைக்கக் கூடாது."

"சொல்லு தம்பி."

"தண்ணி புக்குல என்னைய எழுதச் சொல்றாங்க. ரெண்டு வாரத்துக்கு உள்ளத ஒரே நாள்ல எழுதி, கையெழுத்தும் போடணுமாம். இலாகாக்காரங்க வரப் போறாங்கன்னு பேச்சு. மீட்டரு கெட்டுப் போயி மூணு மாசமாச்சு. நான் எதைப் பாத்து எழுதுறது? போடலாமாண்ணே?"

அவன் கேட்டது இவ்வளவுதான். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அந்தப் புத்தகம் என்ன, அதை ஏன் எழுத வேண்டும் என்பதைப் பார்ப்போம். நம்மில் பல பேர் குலை வெட்டுவோம், லோரியில் ஏற்றுவோம், அதற்குமேல் ஆலைக்குள்ளே என்ன நடக்கிறதென்று கவலைப்படுவதில்லை. ஆனால் அந்த ஆலையிலிருந்து வெளியே போகிற தண்ணீர் நம் லயத்துக்குப் பின்னாலேதான் ஓடுகிறது.

ஆலை குடிக்கும் தண்ணீர்

குலையை நீராவியில் அவிக்க வேண்டும். பழத்தைப் பிழிந்த பிறகு எண்ணெயைப் பிரிக்கச் சுடுதண்ணீர் வேண்டும். ஓட்டையும் பருப்பையும் பிரிக்கவும் தண்ணீர்தான். இப்படிப் போன தண்ணீரில் பாதிக்கு மேல் கழிவாகத் திரும்பி வருகிறது. ஒரு டன் குலைக்கு அரை டன்னுக்குக் கூடுதலான கழிவு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 40 டன் அரைக்கிற ஆலை ஒரு நாளைக்கு 20 மணி நேரம் ஓடினால் 800 டன் குலை. கழிவு மட்டும் ஏறக்குறைய 480 டன்.

பார்த்தவர்களுக்குத் தெரியும். பழுப்பு நிறம், கெட்டியான கஞ்சி மாதிரி இருக்கும். ஆலையை விட்டு வரும்போது கையை வைக்க முடியாத சூடு, 80 டிகிரிக்கு மேலே. புளிப்பு. அதில் விஷம் எதுவும் ஊற்றவில்லை, வெறும் எண்ணெயும் சக்கையும்தானே என்று சில பேர் கேட்கிறார்கள். உண்மைதான், நூற்றுக்கு தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர்தான். பிறகு மீன் ஏன் சாகிறது?

ஆற்றுத் தண்ணீரிலும் காற்று கரைந்திருக்கிறது. அந்தப் பிராணவாயுவைத்தான் மீன் மூச்சு வாங்குகிறது. நம் ஊர் வெயிலில் ஒரு லிட்டர் தண்ணீரில் அது 8 மில்லிகிராம் இருந்தால் பெரிது. எண்ணெய்க் கழிவு ஆற்றில் விழுந்தவுடன் அதைத் தின்னக் கோடிக் கணக்கில் கிருமிகள் பெருகும். அவையும் மூச்சு வாங்க வேண்டுமே! ஆற்றில் உள்ள பிராணவாயுவை எல்லாம் அவை இழுத்துக் கொள்ளும். இப்படி ஒரு லிட்டர் கழிவு எவ்வளவு பிராணவாயுவை இழுக்கும் என்பதைத்தான் பி.ஓ.டி. என்று சொல்கிறார்கள். நம் நாட்டு முறைப்படி 30 டிகிரிச் சூட்டில் 3 நாள் வைத்துப் பார்த்து அளக்கிறார்கள். சுத்தம் செய்யாத செம்பனைக் கழிவுக்கு அந்த எண் ஏறக்குறைய 25,000 மில்லிகிராம். அதாவது அந்தக் கஞ்சி ஒரு லிட்டர் போதும், 3,000 லிட்டர் ஆற்றுத் தண்ணீரின் மூச்சை வாங்கிவிடும். மீன் வயிறு வெளுத்து மிதப்பது விஷத்தால் அல்ல, மூச்சு முட்டி.

1970-ஆம் ஆண்டுகளில் இப்படி மீன் வாழ முடியாமல் போன ஆறுகள் நாட்டில் நாற்பதுக்கு மேல் இருந்தன. கித்தா மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட காலம் அது. மூலைக்கு மூலை ஆலை எழும்பியது. நம் பெரியவர்களில் பல பேர் குளித்ததும் துவைத்ததும் அந்த ஆற்றில்தான்.

1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. அதன்கீழ் 1977-ல் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கென்றே தனி விதிகள் செய்தார்கள். 1978-ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலிருந்து, ஆற்றில் விடும் தண்ணீரில் பி.ஓ.டி. 5,000-க்கு மேல் இருக்கக் கூடாது என்றார்கள். மறு வருடம் 2,000. அதற்கடுத்து 1,000, பிறகு 500, 250. 1984-லிருந்து 100. ஒரேயடியாக ஆலையை மூடு என்று சொல்லாமல் படிப்படியாக இறக்கியதால் குட்டை வெட்டவும் முறையைக் கற்றுக்கொள்ளவும் முதலாளிமாருக்கு நேரம் கிடைத்தது. நல்ல யோசனை என்றே நான் சொல்வேன், முதலாளிமாரை நான் புகழ்வது அபூர்வம் என்பது உங்களுக்குத் தெரியும். இப்போது சில ஆற்றோரங்களில் 20 வரைக்கும் இறக்கியிருக்கிறார்கள்.

ஆலைக்குப் பின்னால் வரிசையாக வெட்டியிருக்கிற குட்டைகளெல்லாம் அதற்காக வந்தவைதான். முதல் குட்டையில் ஆற வேண்டும். அடுத்த ஆழமான குட்டைகளில் காற்றில்லாமல் வேலை செய்யும் கிருமிகள் கழிவைத் தின்னும், குமிழி குமிழியாக வாயு வரும். கடைசிக் குட்டைகளில் காற்றோடு சேர்ந்து தெளியும். ஒரு சொட்டுத் தண்ணீர் முதல் குட்டையிலிருந்து கடைசிக்கு வந்து சேர வாரக் கணக்காகும். அவசரப்பட்டால் காரியம் நடக்காது. அடியில் சேறு ஏறிப்போய்த் தூர் வாராமல் விட்டாலும் தண்ணீர் தங்காமல் ஓடிவிடும்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். குட்டைக்கு மேலே ஏடு படிந்து காய்ந்து, சில இடத்தில் புல்லே முளைத்திருக்கும். தரை என்று நினைத்துக் காலை வைத்தால் உள்ளேதான். மாடு விழுந்து செத்ததைக் கண்டிருக்கிறேன். தனி ஆளாய், அதுவும் இருட்டில், தண்ணீர் எடுக்கப் போகாதீர்கள். மிதவைச் சட்டை கேளுங்கள். கேட்டால் கோழை என்று சிரிக்கிறவன் உங்களுக்குப் பதிலாக இறங்கப் போவதில்லை.

புத்தகத்தில் என்ன எழுத வேண்டும்

ஆலைக்கு வருடா வருடம் லைசென்ஸ். அந்த லைசென்ஸில் தண்ணீர் எந்த இடத்தில் வெளியேற வேண்டும், எவ்வளவு வெளியேறலாம், எந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். பி.ஓ.டி. மட்டுமல்ல. மிதக்கும் தூசு 400 மில்லிகிராமுக்கு மேல் கூடாது, எண்ணெய்ப் பசை 50-க்கு மேல் கூடாது, பி.எச். என்கிற புளிப்பு அளவு 5-க்கும் 9-க்கும் இடையில், சூடு 45 டிகிரிக்குள். 3 மாதத்துக்கு ஒரு தடவை படிவம் பூர்த்தி செய்து சுற்றுச்சூழல் இலாகாவுக்கு அனுப்ப வேண்டும். 2012-ல் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து, இந்த வேலையைத் தெரிந்து பயிற்சி பெற்ற பொறுப்பாளர் ஒருவர் ஆலையில் இருக்க வேண்டும் என்றும் வந்துவிட்டது.

ஆனால் அந்தப் பொறுப்பாளர் தினமும் குட்டையைச் சுற்றுவாரா? புட்டியை முக்குகிறவன், மீட்டரைப் பார்க்கிறவன், ஓட்டத்தைக் குறிக்கிறவன் எல்லாம் நம் பையன்தான். வங்காளதேசத்துத் தம்பியாகவும் இருக்கலாம். அந்தப் படிவம் ஆபீசில் டைப் அடித்து, கோலாலம்பூர் வரைக்கும் போனாலும், அதிலுள்ள எண்கள் பிறந்தது குட்டைக் கரையில், சேறு பட்ட ஒரு புத்தகத்தில்.

இது செம்பனை ஆலைக்கு மட்டும் உள்ள வழக்கமல்ல. இன்னும் பழைய பாடம் சுரங்கத்திலிருந்து வந்தது. என் தாத்தா கிந்தாப் பக்கத்தில் மரம் வெட்டியவர். மேலே ஈய லம்பம், கீழே தோட்டம். லம்பத்துக்காரர்கள் மலையைத் தண்ணீர் பாய்ச்சிக் கரைத்து ஈயத்தை எடுத்துக்கொண்டு, மண்ணையெல்லாம் ஆற்றோடு விட்டுவிடுவார்களாம். ஆறு பால் தேத்தண்ணி நிறத்தில் ஓடும், மழை பெய்தால் கரையேறிக் காய்கறித் தோட்டத்தில் மணலைக் கொட்டிவிட்டுப் போகும் என்பார். சிலாங்கூரில் பழைய கோலகுபு பட்டணத்துக்கு நேர்ந்ததும் அதுதான். 1883-ல் அங்கே அணை உடைந்து ஊரே அழிந்தது. திரும்பக் கட்டிய ஊரைப் பிறகு லம்ப மண் மெதுமெதுவாக விழுங்கியது. ஆற்றின் படுகை மேலேறி, வெள்ளம் மேல் வெள்ளம் வந்து, கடைசியில் ஊரையே மேட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். இன்றைய கோலகுபு பாரு அப்படி வந்த ஊர். ஆற்றில் தினம் எத்தனை மண் போகிறது என்று யாராவது அளந்து எழுதி, எழுதியதைப் படித்து நிறுத்தியிருந்தால் ஒரு பட்டணம் பிழைத்திருக்கும்.

இன்றைக்குச் சுரங்கங்களுக்கு 1994-ஆம் ஆண்டுக் கனிம மேம்பாட்டுச் சட்டம் இருக்கிறது. சுரங்க வேலைத் திட்டம், வரைபடம், பதிவுப் புத்தகம் இவற்றுக்கென்றே 2007-ல் விதிகள் செய்தார்கள். வெளியேறும் தண்ணீருக்கு 2016-ல் விதிகள். கனிம, புவி அறிவியல் இலாகா பார்த்துக்கொள்கிறது. சட்டம் இருந்தும் 2015-ல் குவாந்தானில் என்ன நடந்தது? புக்கிட் கோ பெல்டாவில் செம்பனை நட்டிருந்த குடியேற்றக்காரர்கள் சிலர் பாக்சைட்டுக்கு நிலத்தை விட்டார்கள். கண்ட கண்ட ஆட்கள் தோண்டினார்கள். சடக்கு சிவப்பு, வீடு சிவப்பு, மழை வந்ததும் ஆறும் கடலும் சிவப்பு. 2016 ஜனவரி 15-ல் அரசாங்கம் தோண்டுவதையே நிறுத்தி வைத்தது. அந்தத் தடை 2019 மார்ச் முடியும் வரை நீடித்தது. லைசென்ஸ் இல்லாமல் தோண்டுகிறவனிடம் எந்தப் புத்தகத்தைக் கேட்பது? புத்தகம் உள்ள இடத்தில் புத்தகம் உண்மையாக இருக்க வேண்டும், இல்லாத இடத்தில் தோண்டவே விடக்கூடாது. எனக்குத் தோன்றுவது அதுதான்.

அப்பா திறந்த மடை

இப்போது அந்தத் தூக்கம் வராத கதைக்கு வருகிறேன்.

1991-ஆம் வருடம். நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. அப்பா ஆலையில் வேலை, குட்டைப் பக்கமும் அவரே பார்த்தார். நவம்பர் மாத மழை நான்கு நாளாக விடவில்லை. குட்டைக் கரை உடைந்துவிடும் போலிருந்தது. ராத்திரி பதினொரு மணிக்கு ஆள் வந்து அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டு போனது. திரும்பி வரும்போது விடிந்துவிட்டது. முழங்கால் வரைக்கும் சேறு. அம்மா சுடுதண்ணி வைத்துக் கொடுத்தார். "நடுக் குட்டை மடையத் திறக்கச் சொன்னாங்க, திறந்துட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

கடைசிக் குட்டையல்ல, நடுக் குட்டை. அங்கே தண்ணீர் இன்னும் பாதிகூடத் தெளிந்திருக்காது.

மறுநாள் பள்ளி விட்டு வரும்போது ஆற்றுப் பாலத்தில் கூட்டம். கெளுத்தியும் விராலும் வயிற்றைக் காட்டி மிதந்தன. வாடை தாங்கவில்லை. நாங்கள் பிள்ளைகள், எங்களுக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. நாலாம் நாள் கீழ்க் கம்பத்து மலாய்க்காரர்கள் செத்த மீனைக் கோணிச் சாக்கில் கட்டி வந்து ஆபீஸ் வாசலில் கொட்டினார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆற்றை நம்பிப் பிழைத்தவர்கள்.

விசாரணை நடந்தது. மடையைத் திறந்தது யார்? அப்பா. யார் சொல்லித் திறந்தாய்? ஐயாதான் ஆள் அனுப்பினார் என்றார் அப்பா. ஐயா, எனக்கு ஒன்றும் தெரியாது, கரையைப் பார்க்கத்தான் சொன்னேன் என்றார். கூப்பிட வந்தவன் வாய் திறக்கவில்லை, அவனுக்கும் நாலு பிள்ளைகள். குட்டைப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார்கள். அந்த ராத்திரிக்கு ஒரு வரியும் இல்லை. அதற்கு முந்தின வாரம் முழுவதும் அழகான எண்கள், ஒரே மையில். அப்பாவின் கையெழுத்து வரிசையாக. ஆபீசில் கிராணி சொல்லச் சொல்ல எழுதியவை.

"இதெல்லாம் நீ எழுதினதுதானே? அப்படின்னா அன்னைக்கு ராத்திரி ஏன் எழுதலை?"

அப்பாவிடம் பதில் இல்லை. 24 மணி நேர நோட்டீஸ். சங்கம் கேஸை எடுத்தது. ஆனால் காட்டுவதற்கு ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. எதிராகக் காட்ட மட்டும் ஒரு புத்தகமே இருந்தது. லயத்து வீட்டைக் காலி செய்து அத்தை வீட்டின் பின்கட்டில் ஏழு பேர் இருந்தோம். அப்பா பிறகு செக்யூரிட்டி வேலைக்குப் போனார். அந்த ஆலையைப் பற்றி வீட்டில் பேசவே மாட்டார். ஒரு பழக்கம் மட்டும் வந்துவிட்டது. நாள்காட்டித் தாளில் எல்லாவற்றையும் எழுதுவார். கேஸ் தோம்பு மாற்றியது, மழை பெய்தது, கடைக்காரருக்குப் பாக்கி எவ்வளவு, எத்தனை மணிக்குக் கரண்டு போனது. கிழித்த தாள்களைத் தூக்கிப் போடாமல் பிஸ்கட் டின்னில் அடுக்கி வைத்திருந்தார். அவர் காலமான பிறகு அந்த டின்களை எண்ணினோம். பதினொன்று.

பொய் எண் எப்படிப் பிடிபடும்

அந்தத் தம்பியிடம் நான் முதலில் சொன்னது இதுதான்: "நீ ஒக்காந்து எழுதினா, பாக்கிறவனுக்குத் தெரியும்."

இலாகா அதிகாரிகளுக்கு எந்த நேரத்திலும் ஆலைக்குள் வரவும், தண்ணீர் எடுக்கவும், புத்தகங்களைக் காட்டச் சொல்லவும் சட்டத்தில் அதிகாரம் இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் முதலில் தண்ணீரைப் பார்க்க மாட்டார்கள், புத்தகத்தைப் பார்ப்பார்கள். பதினாலு நாளும் பி.எச். 7.4 என்றிருந்தால் அது குட்டையல்ல, குழாய்த் தண்ணீர்கூட அப்படி நிற்காது. வெயில் காய்ந்த நாளும் அடைமழை நாளும் ஒரே சூடு, ஒரே ஓட்டம் என்றால் எழுதியவன் குட்டைப் பக்கமே போகவில்லை. தீபாவளிக்கு ஆலை மூடியிருக்கும்போது காலை 8 மணிக்குத் தண்ணீர் எடுத்ததாக எழுதினால்? இப்படியும் ஒரு புத்தகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு கணக்கு இருக்கிறது. அதை மறைக்கவே முடியாது. தராசுக் கொட்டகையில் எத்தனை டன் குலை வந்தது என்று ஒரு புத்தகம். காசு விவகாரமாச்சே, அதில் யாரும் கை வைக்க மாட்டார்கள். அன்றைக்கு 800 டன் குலை. அப்படியானால் கழிவு ஏறக்குறைய 480 டன் வர வேண்டும். தண்ணீர்ப் புத்தகம் 300 என்று சொல்கிறது. மீதி 180 டன் எங்கே போனது? வயலுக்குப் பாய்ச்சினீர்களா? அதற்கும் லைசென்ஸில் இடம் இருக்க வேண்டும். இல்லை என்றால் எந்த அலூர் வழியாகப் போனது?

தண்ணீர் எடுப்பதிலும் தில்லுமுல்லு உண்டு. ஓஸ் பைப்பைக் கடைசி வாய்க்காலில் போட்டுவிட்டு அதற்குக் கீழே புட்டியை முக்குவது. எடுத்த புட்டியை ஐஸ் பெட்டியில் வைக்காமல் நாள் முழுக்க வெயிலில் விடுவது. அதற்குள்ளேயே கிருமி கழிவைத் தின்றுவிட்டால் லேப்பில் எண் குறைவாகக் காட்டும். பச்சைத் தண்ணீரைக் கலந்தால் காகிதத்தில் எண் குறையும், ஆற்றுக்குப் போகிற கழிவு ஒரு பிடிகூடக் குறையாது. இதையெல்லாம் செய்யச் சொல்கிறவர் ஒருவர், செய்கிற கை நம்முடையது.

மாட்டினால் சின்ன அபராதம் என்று இப்போது யாரும் நினைக்க வேண்டாம். 2024-ல் சட்டத்தைத் திருத்தி அபராதத்தை 1 கோடி வெள்ளி வரைக்கும் உயர்த்தியிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய தொகை தலைக்கு மேல் தொங்கும்போது, மேலே இருப்பவர் கீழே யாரைக் காட்டுவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தம்பிக்குச் சொன்னது

"அப்ப எழுதவே மாட்டேன்னு சொல்லிடவாண்ணே?"

"அப்படிச் சொல்லாத. எழுது. பாத்ததை எழுது."

இன்று எடுத்ததை இன்றைய தேதி, மணி போட்டு எழுது. மீட்டர் கெட்டிருந்தால் அந்தக் கட்டத்தில் 'மீட்டர் பழுது' என்று எழுது, எந்தத் தேதியில் யாரிடம் சொன்னாய் என்பதையும் சேர்த்து எழுது. மழை பெய்தால் மழை என்று எழுது. தப்பாக எழுதிவிட்டால் வெள்ளை மை பூசாதே, ஒரே ஒரு கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் திருத்தி எழுது. அடித்தது என்ன என்று தெரிய வேண்டும். பொறுப்பாளர் கையெழுத்துக்கென்று உள்ள கட்டத்தில் உன் பெயரைப் போடாதே. அது உன் வேலையில்லை, அதற்கான சம்பளமும் உனக்குக் கிடையாது. மடையைத் திற, மூடு, பம்பை நிறுத்து என்று யாராவது சொன்னால், செய்வதற்கு முன்னே யார் சொன்னது, எத்தனை மணி என்று எழுது. ஆலைப் புத்தகம் ஆலையோடு இருக்கட்டும். ஒரு வெள்ளிக்கு ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கி, அதே எண்களை அதில் தமிழிலேயே எழுதி வீட்டில் வை. எந்தப் பாஷையில் எழுதினாலும் எண் எண்தான்.

ஆலைப் புத்தகத்தைப் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்புவதை மட்டும் வேண்டாம் என்றேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் போன் கையோடு ஒட்டியே இருக்கிறது. 2010-ஆம் ஆண்டுத் தகவலளிப்போர் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று உண்டு. அந்தப் பாதுகாப்பு, நடவடிக்கை எடுக்கும் அரசாங்க இலாகாவிடம் நேரே புகார் கொடுக்கிறவனுக்குத்தான். பேஸ்புக்கில் போட்டால் கிடையாது. பேப்பருக்குச் சொன்னாலும் கிடையாது. ஏன், சங்கத்தில் என்னிடம் சொன்னதற்குக்கூட அந்தச் சட்டத்தில் காப்பு இல்லை, அதை நான் மறைக்க விரும்பவில்லை. சுற்றுச்சூழல் இலாகாவுக்கு 1-800-88-2727 என்று இலவச நம்பர் இருக்கிறது. உள்ளே பேசித் தீரவில்லை என்றால் அங்கே பேசு, வெளியே வாயைக் கட்டு.

உண்மையை எழுதியதற்காக வேலையை விட்டு நிறுத்தினால் 60 நாளுக்குள் மனுக் கொடுக்க வேண்டும். 61-வது நாள் வந்து நின்றால் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது. நோட்டீஸ் கையில் வாங்கிய அன்றைக்கே கிளைச் செயலாளரைப் பாருங்கள்.

பெண்கள் கவனிக்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது. தோட்டத்து வீட்டுக்கு முதலாளி குழாய்த் தண்ணீர் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று 1990-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் சொல்கிறது. இன்றும் சில மூலைகளில் வறட்சி வந்தால் ஆற்றிலும் கிணற்றிலும் துவைக்கிறோம், பாத்திரம் கழுவுகிறோம். தண்ணீர் கறுத்தாலோ, நுரைத்தாலோ, முட்டை அழுகிய வாடை வந்தாலோ, பிள்ளைகளுக்குச் சொறி கண்டாலோ, எந்தத் தேதி, எத்தனை மணி என்று நாள்காட்டியிலேயே குறித்து வையுங்கள். ஆலைப் புத்தகத்தில் அதே தேதிக்கு என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க அது உதவும்.

அந்தத் தம்பி அன்று ஒன்றும் சொல்லாமல்தான் போனான். பயந்துவிட்டானோ என்று நினைத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினான்.

"அண்ணே, ரெண்டு வாரத்தையும் நான் எழுதலை. 'எடுக்கலை'ன்னுதான் எழுதினேன். இன்ஜினியர் மொறைச்சாரு. அப்புறம் ஒன்னும் பேசலை."

"மீட்டரு?"

"இன்னும் வரலைண்ணே. தெனமும் 'பழுது'ன்னுதான் எழுதிக்கிட்டிருக்கேன். பதினேழு தடவை எழுதிட்டேன்."

ஆலை நிர்வாகத்துக்குச் சங்கத்தின் பெயரில் கடிதம் எழுதியிருக்கிறேன். அதில் பையனின் பெயரைப் போடவில்லை. குட்டைப் பக்கம் வேலை செய்யும் எல்லாருக்கும் மீட்டர், மிதவைச் சட்டை, இரண்டாவது ஆள் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. வந்தால் இந்தப் பகுதியில் எழுதுகிறேன். மற்ற ஆலைகளில் குட்டை வேலை பார்க்கிறவர்கள், அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் நோட்டையும் கொண்டு வாருங்கள்.